கவலையும் கொழுப்பும்



இரவு எட்டு மணி. கடைக்குச் சென்ற ஒருவர் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகின்றார். ஒழுங்கையின் திருப்பத்திலே, வேலிப் பொட்டொன்றினூடாக ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்கின்றது. அவர் எதனையும் எண்ணிப் பார்க்கவில்லை. கால்கள் தாமாகவே மிதிக்கின்றன. அரைக் கிலோமீற்றர் கடந்து, நாயும் பின்தங்கிய பின்னரே, தம் நெஞ்சு படபடப்பதும், வாய் உலர்ந்து கிடப்பதும், சட்டை நனைந்திருப்பதும் அவருக்குத் தெரியவருகின்றன.

மறுநாட் காலை. அதே மனிதர் வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கின்றார். தபாற்காரர் ஒரு கடிதத்தைக் கொடுத்துச் செல்கின்றார். கடன் தவணை மூன்று மாதமாகக் கட்டப்படவில்லை, ஈடு வைத்த காணி ஏலத்துக்கு வரக்கூடும் என்று அதிலே கண்டிருக்கின்றது. மீண்டும் நெஞ்சு படபடக்கின்றது, வாய் உலர்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. ஆனால் இம்முறை கால்கள் அசையவில்லை. கதிரையை விட்டு அவர் எழுந்திருக்கவுமில்லை.

இவ்விரு வேளைகளிலும் அம்மனிதரின் உடம்பிலுள்ள கொழுப்புக்கு நேர்ந்தது யாது? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கொழுப்பு என்றதும் நம்மிற் பலருக்கு அது வேண்டாத ஒரு சுமை என்ற எண்ணமே தோன்றுகின்றது. உண்மையில் அது உடம்பின் சேமநிதி. எழுபது கிலோகிராம் நிறையுள்ள, பருமனில்லாத ஓர் ஆணின் உடம்பில் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோகிராம் கொழுப்பு இருக்கலாம். ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரிச் சத்தைத் தருவது. மாச்சத்துத் தருவதோ நான்கு. கணக்குப் பார்த்தால், வேறு உணவின்றியே ஒன்றரை மாதத்துக்கு மேல் உயிரைத் தாங்கக்கூடிய எரிபொருளை அவர் தம் தோலின் கீழும் வயிற்றினுள்ளும் சுமந்து திரிகின்றார். ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்தோ ஒரு நாளைக்கே போதுமானது. மாச்சத்து மடியிலுள்ள சில்லறை என்றால், கொழுப்புப் பெட்டகத்திலுள்ள பொன். பெட்டகத்துக்குப் பூட்டு உண்டு, திறப்பும் உண்டு. அந்தத் திறப்புகளைக் கையில் வைத்திருப்பவையே ஓமோன்கள்.

சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி கவிழ்த்ததுபோல ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கின்றது. அதிரீனற் சுரப்பி என்பது அதன் பெயர். நாலைந்து கிராமுக்கு மேல் நிறையில்லாத இதன் தொழில் என்னவென்று நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியாதிருந்தது. 1855ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் வைத்தியர் தோமஸ் அடிசன், இச்சுரப்பி பழுதடைந்தவர்கள் நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, தோல் கருத்து இறந்துபோவதை எழுதி வெளியிட்டார். இது இல்லாமல் உயிர் தரியாது என்பது அப்பொழுதுதான் துலங்கிற்று. இச்சுரப்பியின் உள்ளீட்டிற் சுரப்பது அதிரனலீன். புறணியிற் சுரப்பது கோட்டிசோல். ஒரே வீட்டிற் குடியிருந்தாலும் இவை இரண்டும் குணத்தில் வேறு வேறானவை. அதிரனலீன் நொடியில் வந்து நொடியிற் போவது. கோட்டிசோல் மெல்ல வந்து நெடுநேரம் தங்குவது.

நாய் பாய்ந்த கணத்துக்கு வருவோம். கண்ணும் காதும் மூளைக்குச் செய்தி சொல்ல, மூளை பரிவு நரம்புகளின் வழியாக ஆணை பிறப்பிக்கின்றது. அதிரீனற் சுரப்பி அதிரனலீனைக் குருதியிற் கொட்டுகின்றது. கொழுப்பிழையத்தினுள் ஓடும் நரம்பு நுனிகளும் அதன் உடன்பிறப்பான நோரதிரனலீனைக் கசிய விடுகின்றன. இவை கொழுப்புக் கலத்தினுள் நுழைவதில்லை. புறத்தேயுள்ள வாங்கி என்னும் வாயிலில் நின்று மணியை அடிக்கின்றன, அவ்வளவே. மணியோசை கேட்டதும் கலத்தினுள்ளே மற்றொரு பொருள் பிறந்து, உறங்கிக் கிடக்கும் நொதியங்களை எழுப்புகின்றது. இந்த இரண்டாந் தூதனைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் ஏள் சதலண்டுக்கு 1971ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. எழுந்த நொதியம் கொழுப்பை உடைக்கின்றது. ஒரு கொழுப்பு மூலக்கூறு மூன்று கொழுப்பமிலங்களாகவும் ஒரு கிளிசரோலாகவும் பிரிகின்றது. கொழுப்பமிலம் நீரிற் கரையாதது. ஆதலின் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தின் முதுகில் ஏறிப் பயணஞ் செய்து தசைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேர்கின்றது. கிளிசரோல் ஈரலுக்குச் சென்று குளுக்கோசாக மாறுகின்றது.

இக்கொழுப்பமிலங்களின் பெருமையை உலகம் உணர்ந்ததே 1956ஆம் ஆண்டிலேதான். நியூயோர்க்கில் வின்சன்ற் டோல் என்பார் குருதியிற் கட்டின்றித் திரியும் கொழுப்பமிலங்களை அளந்தார். அளவு மிகச் சிறிது. ஆதலால் அதற்கு முன்னர் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அது சில நிமிடத்துக்கொருமுறை முற்றிலும் புதிதாகிக்கொண்டிருந்தது. பட்டினி கிடந்தால் ஏறிற்று. குளுக்கோசு அருந்தினால் இறங்கிற்று. அதிரனலீன் ஊசி ஏற்றினால் விரைந்து ஏறிற்று. கொழுப்பு என்பது கிடங்கிற் சோம்பிக் கிடக்கும் பண்டமன்று, ஓயாது வந்துபோகும் நாணயம் என்பது அன்று தெளிவாயிற்று.

அதிரனலீன் திறக்குமாயின், பூட்டுவது எது? சதையியிற் சுரக்கும் இன்சுலினே அது. சோறு உண்டு குருதியில் வெல்லம் ஏறியதும் இன்சுலின் சுரந்து, ‘செலவு போதும், இனிச் சேமிப்பு’ என்று கொழுப்புக் கலங்களுக்குக் கூறுகின்றது. அச்சம் நேர்ந்த வேளையில் அதிரனலீன் இந்த இன்சுலினையும் அடக்கி வைக்கின்றது. பூட்டுபவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பெட்டகத்தைத் திறக்கின்றது என்க.

இனிக் கோட்டிசோல். மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி அதிரீனற் புறணிக்குச் சொல்ல, இப்படி மூன்று கைமாறி வருவதால் இது உச்சத்தை எட்டக் கால்மணி, அரைமணி நேரம் செல்லும். அதற்குள் நாய் போய்விடும். ஆகவே இதன் வேலை தப்பி ஓடுவதன்று. ஓட்டத்துக்குப் பின் வரும் செலவுகளைச் சமாளிப்பது. ஈரலைக் கொண்டு புதிதாக வெல்லம் ஆக்குவிக்கின்றது. அதற்கு மூலப்பொருள் போதாவிடில் தசையின் புரதத்தையே உடைத்துக் கொடுக்கின்றது. மூளைக்கு வெல்லம் கிடைக்கும்பொருட்டுத் தசை வெல்லத்தை எடுப்பதைக் குறைக்கின்றது. இன்சுலின் குறைந்திருக்கும் வேளையில் கொழுப்பு உடைவதற்கும் துணை நிற்கின்றது. எல்லாம் ஓய்ந்த பின், இழந்ததை ஈடுசெய்யப் பசியைத் தூண்டுகின்றது. நல்ல குடும்பத் தலைவி வீட்டிற் கலியாணம் முடிந்த மறுநாள் செய்யும் வேலையை ஒத்தது இது.

இத்தனை ஏற்பாடும் வீணானதன்று. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில், நோவும் பசியும் அச்சமும் வெகுளியும் உடம்பில் விளைக்கும் மாற்றங்கள் யாவும் போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ ஏற்றவை என்று காட்டினார். அவர் இத்துறைக்கு வந்ததே ஒரு தற்செயல். பூனைக்கு உணவூட்டி, எக்ஸ் கதிரின் உதவியால் அதன் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை கலவரமடைந்த கணமே இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. செரிப்பு எங்கே, சினம் எங்கே! உள்ளத்து உணர்ச்சி உடம்பிலே தோன்றுவதை மெய்ப்பாடு என்று வகுத்து ஓர் இயலே இயற்றிய நம் முன்னோருக்கு இது வியப்பாக இருந்திராது. ஆனால் அவர்கள் கண்டது முகத்திலும் தோளிலும் புலப்படும் மெய்ப்பாட்டை. கொழுப்புக் கலத்துக்கும் ஒரு மெய்ப்பாடு உண்டென்பது புதிய செய்தியே.

இப்பொழுது சாய்மனைக் கதிரைக்கு வருவோம். உடம்பு மிகப் பழையது. கடிதம் மிகப் புதியது. ஏலம் என்பது யாது, ஈடு என்பது யாது என்று அதிரீனற் சுரப்பிக்குத் தெரியாது. மூளை அபாயம் என்று சொல்லிவிட்டால் அது நாய்க்குச் செய்ததையே கடிதத்துக்கும் செய்யும். பெட்டகம் திறக்கின்றது, கொழுப்பமிலங்கள் குருதிக்குள் வருகின்றன, எரிப்பதற்குத் தசை இல்லை. இல்லையென்றா சொன்னேன்? இருக்கின்றது, ஆனால் கதிரையிற் சாய்ந்து கிடக்கின்றது.

எரியாத கொழுப்பமிலம் எங்கே போகும்? பெரும்பகுதி ஈரலுக்குப் போகின்றது. ஈரல் அதனைத் திரும்பவும் கொழுப்பாகக் கட்டி, புரதப் போர்வை போர்த்திக் குருதியில் அனுப்புகின்றது. அது சுற்றித் திரிந்து மீண்டும் ஏதோ ஒரு கொழுப்புக் கலத்தில் அடைக்கலம் புகுகின்றது. எந்தக் கலத்தில் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

இஃது ஏட்டுச் சுரைக்காயா என்று சிலர் ஐயுறலாம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மேயர் பிரீட்மன், ரே றோசன்மன் என்னும் இதய வைத்தியர்கள் ஏறத்தாழ நாற்பது கணக்காளர்களைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். அந்நாட்டில் வருமானவரிக் கணக்குகளை ஏப்பிரல் 15ஆந் தேதிக்குள் ஒப்படைத்தல் வேண்டும். அந்நாள் நெருங்க நெருங்கக் கணக்காளர்கள் இரவு பகலாகக் குனிந்த தலை நிமிராது வேலை செய்வர். அவர்களுடைய குருதியிற் கொலெஸ்திரோல் அந்நாட்களில் உயர்ந்தது. வேலை தணிந்த மே, யூன் மாதங்களில் இறங்கிற்று. உணவிலோ உடல் நிறையிலோ அதற்கு ஈடான மாற்றம் காணப்படவில்லை. நாய் துரத்தவில்லை, தேதிதான் துரத்தியது.

1971இல் இங்கிலாந்தில் பீற்றர் ரகாட், மல்கம் கறதேர்ஸ் என்போர் மோட்டார்ப் பந்தய ஓட்டிகளை ஆராய்ந்தனர். பந்தயத்தின்போது ஓட்டியின் நெஞ்சு பாய்ந்து துடிக்கின்றது. அவரோ இருக்கையை விட்டு எழுவதில்லை. பந்தயத்தை ஒட்டி அவர்கள் குருதியில் நோரதிரனலீனும் கொழுப்பமிலமும் உயர்ந்திருந்தன. கொழுப்போ அப்பொழுது ஏறாமல், பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்தின் பின்னரே உச்சத்தை எட்டிற்று. ஈரல் கட்டியனுப்ப எடுத்துக்கொண்ட நேரம் அது. இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர் அவையின்முன் நின்று பேசுவோரைச் சோதித்தனர். அவர்களுக்கும் நெஞ்சுத் துடிப்பும் கொழுப்பமிலமும் ஏறின. அதிரனலீனின் வாயிலை அடைக்கும் மருந்தொன்றை முன்னரே கொடுத்தபோது அவ்வேற்றம் அடங்கிற்று. ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கும் என் குருதியை இப்பொழுது யாரேனும் சோதித்தால் என்ன தெரியவரும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றேன்.

இங்கே ஒரு தடை எழும். கவலை வந்தால் மனிதன் மெலிவான் அன்றோ? ‘கவலை ஆளைத் தின்றுவிட்டது’ என்பது நம் பேச்சு வழக்கு. பிரிவுத் துயரால் தலைவியின் தோள் மெலிந்து வளை கழன்று விழுவதை அகப்பாடல்கள் ஓயாது பேசுகின்றன. கவலையாற் பருத்த தலைவியைப் பாடிய புலவர் ஒருவரேனும் உளரா? அப்படியிருக்க வைத்தியர்கள் கவலையால் வயிறு பெருக்கும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டும் உண்மையே. துயரம் தாக்கிய புதிதில் மூளையில் முதலிற் பிறக்கும் தூதுப்பொருளே பசியை அடக்குவது. இரைப்பை நின்றுவிடுகின்றது, அதிரனலீன் கொழுப்பைக் கரைக்கின்றது, உணவும் இறங்குவதில்லை. ஆகவே மெலிவு. ஆனால் துயரம் நாளும் வாரமும் ஆண்டுமாகத் தொடரும்போது, அதிலும் கண்ணெதிரே உணவு குவிந்திருக்கும்போது, கோட்டிசோலின் கை ஓங்குகின்றது. பசி திரும்புகின்றது, அதுவும் எல்லா உணவின்மேலும் அன்று, இனிப்பின்மேலும் நெய்ப் பண்டத்தின்மேலும். கலிபோர்னியாவில் மேரி டால்மன் என்னும் அறிஞர் இதனை எலிகளில் ஆராய்ந்து 2003இல் விரிவாக எழுதினார். வருத்தப்பட்ட எலிகள் சர்க்கரையையும் பன்றிக்கொழுப்பையும் நாடின. நாடி உண்டபின் அவற்றின் பதற்றச் சுரப்புகள் ஓரளவு தணிந்தன. கவலைப்பட்டவன் பலகாரத் தட்டை நோக்கிக் கை நீட்டுவது வெறும் நாக்கின் அடங்காமையன்று. தனக்குத் தெரியாமலே அவன் ஒரு மருந்தைத் தேடுகின்றான். மருந்தின் விலைதான் இடுப்பில் எழுதப்படுகின்றது.

எல்லோரும் ஒரே வகையாக நடந்துகொள்வதுமில்லை. லண்டன் அரசாங்க அலுவலகங்களிற் பணியாற்றிய பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை 1985 முதலாகத் தொடர்ந்து கவனித்து வரும் வைற்ஹோல் ஆய்வு இதற்குச் சான்று. வேலைப் பளு மிகுந்து, அதனை ஆளும் அதிகாரமோ குறைந்திருந்த ஆண்களை ஐந்தாண்டு பார்த்தபோது, தொடக்கத்தில் ஒல்லியாக இருந்தோர் மேலும் மெலிந்தனர். பருத்திருந்தோர் மேலும் பருத்தனர். அதே ஆய்வில், பதினான்கு ஆண்டுக்காலத்திற் பலமுறை வேலை நெருக்கடிக்கு ஆளானோருக்கு, வயிற்றுப் பருமன், மிகை வெல்லம், மிகை அழுத்தம் முதலியன ஒருங்கே கூடும் நிலை, நெருக்கடி இல்லாதோரைவிட இருமடங்குக்கு மேல் வாய்ப்புடையதாகக் காணப்பட்டது. 2006இல் இவை வெளிவந்தன.

கொழுப்பு எங்கே போய்ச் சேர்கின்றது என்ற கேள்வியை முன்னர் ஒத்திவைத்தேன். அதற்கு மிகத் தெளிவான விடை ஒரு நோயிலிருந்து வந்தது. மூளைச் சத்திரசிகிச்சையிற் பெயர்பெற்ற ஹார்வி குஷிங் 1912இல் வெளியிட்ட நூலில், இருபத்துமூன்று வயதுடைய ஒரு பெண்ணின் நிலையைப் படத்துடன் விவரித்தார். முகம் முழுநிலாப்போல உருண்டிருந்தது. வயிறு பருத்துத் தோலில் ஊதா வரிகள் படர்ந்திருந்தன. கையும் காலுமோ மெலிந்திருந்தன. 1932இல் இத்தகைய பலரை ஒருங்கே வைத்து எழுதி, கபச்சுரப்பியிலுள்ள ஒரு சிறு கட்டியே காரணம் என்றார். அக்கட்டியின் தூண்டுதலால் அதிரீனற் புறணி ஓயாது கோட்டிசோலைச் சொரிகின்றது என்பது பின்னாளில் உறுதியாயிற்று. கோட்டிசோலின் நல்லதும் கெட்டதும் ஒரே உடம்பில் எழுதிக் காட்டியதுபோன்றது இந்நோய். கைகாலின் தசையைக் கரைத்து வெல்லமாக்குகின்றது. வெல்லம் ஏற இன்சுலினும் ஏறுகின்றது. கோட்டிசோலும் இன்சுலினும் ஒருங்கே மிகுந்தால், முன்னே கரைத்த அதே கோட்டிசோல் இப்பொழுது சேமிப்புக்குத் துணை போகின்றது. வயிற்றினுள்ளே குடலைச் சூழ்ந்துள்ள கொழுப்பில் குருதிக் கொழுப்பை இழுத்துச் சேர்க்கும் நொதியத்தை வலுப்படுத்துகின்றது. கோட்டிசோலுக்குரிய வாங்கிகள் அவ்விடத்திலேதான் மிகுதி. துணைக்கு இருப்பவன் எவனோ அவன் பக்கம் சாயும் மந்திரியைப் போன்றது கோட்டிசோல்.

வயிற்றினுட் கொழுப்பு ஏன் தோற்கீழ்க் கொழுப்பிலும் கொடியது என்பதற்கும் ஓர் எளிய காரணம் உண்டு. அதிலிருந்து வடியும் குருதி ஈரல் வாயினாளத்தின் வழியே நேரே ஈரலுக்குப் போகின்றது. தொடையிலுள்ள கொழுப்பு ஊரெல்லாம் சுற்றி வரவேண்டும். வயிற்றுட் கொழுப்போ ஈரலின் அடுத்த வீட்டில் வாழ்கின்றது. அது விடுவிக்கும் கொழுப்பமிலம் ஈரலைக் கொழுக்கச் செய்து, இன்சுலினின் சொல்லை அது கேளாதபடி ஆக்குகின்றது. 1947ஆம் ஆண்டிலேயே பிரான்சின் மார்சேய் நகரத்து வைத்தியர் ஜான் வாக், பருமன் எவ்வளவு என்பதிலும் எங்கே என்பதே நீரிழிவுக்கும் நாடி நோய்களுக்கும் அடையாளம் என்றார். அக்காலத்தில் அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

சாதாரணக் கவலை குஷிங் கண்ட நோயாக மாறும் என்று நான் சொல்லவில்லை. அது மிக அரிய நோய். பருத்த ஒருவரின் குருதியிற் கோட்டிசோலை அளந்தால் பெரும்பாலும் இயல்பான அளவே காணப்படும். இது நெடுங்காலம் ஆராய்ச்சியாளரைக் குழப்பியது. 1997இல் இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகர ஆய்வாளர் ஒரு செய்தியை வெளியிட்டனர். வயிற்றுட் கொழுப்பிலுள்ள கலங்களில் ஒரு நொதியம் இருக்கின்றது. அது குருதியில் வரும் வலுவற்ற கோட்டிசோனை அவ்விடத்திலேயே வலுவுள்ள கோட்டிசோலாக மாற்றுகின்றது. ஆற்றில் நீர்மட்டம் ஏறாமலே வயலுக்குள் ஊற்றுக் கிளம்புவது போன்றது இது. 2001இல் அந்நொதியம் கொழுப்பில் மிகுதியாக இருக்கும்படி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, குருதிக் கோட்டிசோல் ஏறாதிருக்கவும், வயிறு பருத்து நீரிழிவின் குறிகள் தோன்றின.

மனிதரிடத்திலும் உள்ளக் கலக்கத்துக்கும் வயிற்றுக்குமுள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் உள. 2000ஆம் ஆண்டில் எலிசா ஏப்பல் என்பார், பெண்களை மூன்று நாள் தொடர்ந்து கடினமான கணக்குகளும் பேச்சும் செய்யச் சொன்னார். உடல் மெலிந்தும் இடுப்பு மட்டும் பருத்திருந்த பெண்களுக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கோட்டிசோல் ஏறிக்கொண்டேயிருந்தது. மற்ற மெலிந்த பெண்களோ பழகிவிட்டனர். அபாயம் அபாயமாக இருப்பதிலும், அதற்குப் பழகாதிருப்பதே உடம்பை வருத்துகின்றது போலும். எது முதல், எது பின் என்பது இத்தகைய ஆய்வினால் மட்டும் தெளியாது. ஆயின், பெண் குரங்குகளைக் கூட்டமாக வைத்து ஒரே கொழுப்புணவை ஊட்டி ஆராய்ந்த கரொல் ஷைவ்லி, பிறவற்றால் அடக்கப்பட்டுக் கீழ்நிலையில் வாழ்ந்தவற்றுக்கே வயிற்றுட் கொழுப்பு மிகுதி என்று 2009இல் அறிவித்ததையும் உடன்வைத்துப் பார்த்தல் தகும். குரங்கு கடிதம் வாசிப்பதில்லை. தன் தட்டிலுள்ளதை வேறொன்று எப்பொழுது பறிக்குமோ என்ற பயமே அதற்குப் போதுமானது.

இதனை வைத்துக்கொண்டு, பருத்தவர் எல்லாம் கவலைப்படுபவர் என்றோ, கவலை தீர்ந்தால் வயிறு தானே வற்றும் என்றோ கூறுதல் தவறு. உண்ணும் அளவும், உழைக்கும் அளவும், பெற்றோர் தந்த உடல்வாகும் தத்தம் பங்கைச் செய்யாமலில்லை. ஆனால் பருத்த ஒருவரை வாயடக்கம் இல்லாதவர் என்று ஒரே சொல்லில் இகழ்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை நான் ஏற்பதில்லை. அந்த வாயைத் திறக்கச் சொல்வது சில வேளை வட்டிக்கடன். சில வேளை மேலதிகாரி. சில வேளை உறங்கவிடாத நோயாளிக் குழந்தை.

உறக்கத்தைச் சொன்னேன். கோட்டிசோல் இயல்பாக விடியற்காலையில் ஏறி நள்ளிரவில் மிகத் தாழும். 1999இல் சிக்காகோவில் ஈவ் வன் கோட்டர் குழுவினர், நலமுள்ள பதினொரு இளைஞரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தனர். மாலை வேளையில் இறங்கவேண்டிய கோட்டிசோல் அவர்களுக்கு இறங்காமல் நின்றது. உண்ட வெல்லத்தைக் கையாளும் ஆற்றலும் குன்றிற்று. இரவு நெடுநேரம் விழித்துப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

வைத்தியர் தரும் குளிசையைப்பற்றியும் ஒரு சொல். முடக்குவாதம், தொய்வு, சில தோல்நோய்கள் ஆகியவற்றுக்குப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரெரொயிட்டு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கோட்டிசோன் கொடுக்கப்பட்டு அவர் எழுந்து நடந்தபோது உலகமே வியந்தது. 1950இல் அதற்குரியோர் மூவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. இம்மருந்துகள் உயிர் காப்பவை. ஆனால் உயர்ந்த அளவில் நெடுங்காலம் உட்கொண்டால் முகம் உருளும், வயிறு பருக்கும், தசை தளரும். குஷிங் கண்ட அதே கோலந்தான். அதைக் கண்டு அஞ்சி, தாமாகவே மருந்தைச் சட்டென நிறுத்துவோர் உளர். அது பேராபத்து. வெளியிலிருந்து வந்ததை நம்பி அதிரீனற் சுரப்பி உறங்கிவிட்டிருக்கும்; திடீரென நிறுத்தினால் அடிசன் கண்ட நிலை வந்துவிடும். வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். பெயர் தெரியாத சூரணமோ குளிசையோ உண்டு சில வாரத்திற் பசியும் முகமும் நிறைந்துவிட்டால், மகிழுமுன் அதில் என்ன கலந்திருக்கின்றது என்று கேளுங்கள்.

தென்னாசிய மக்களாகிய நமக்கு இவ்விடயம் ஒரு படி கூடுதலாகவே உரியது. ஐரோப்பியர் ஒருவரும் நம்மவர் ஒருவரும் ஒரே உயரமும் ஒரே நிறையும் உடையவராயினும், நம்மவரின் உடம்பிற் கொழுப்பு மிகுதி. அதுவும் வயிற்றினுள்ளே மிகுதி. நிறைகோலில் ஒல்லியாகத் தோன்றுபவருக்கும் நீரிழிவு வருவது இதனாலேயே. ஆகவே நம்மவருக்கு நிறைகோலினும் தையற்காரரின் நாடாவே நல்ல சாட்சி. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளத்தல் வேண்டும். தென்னாசிய ஆண்களுக்குத் தொண்ணூறு சென்ரிமீற்றரும் பெண்களுக்கு எண்பதும் எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளன. வயிற்றை எக்கிப் பிடித்து அளப்போரை நான் கண்டிருக்கின்றேன். நாடாவை ஏமாற்றலாம், ஈரலை இயலாது.

சாய்மனைக் கதிரையில் விட்டுவந்த நம் நண்பர் இன்னும் கடிதத்தை மடியில் வைத்தபடி இருக்கின்றார். அவருடைய கடனைத் தீர்க்க என்னால் ஆகாது. அவர் குருதியிற் கொழுப்பமிலம் ஏறி நிற்கின்றது. அஃது ஈரலை அடைந்து கொழுப்பாக மாறிவர ஒரு மணி நேரமாகும். அதற்குள் அவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடன் விவகாரம் தெரிந்த நண்பரின் வீட்டுக்கு நடந்தே போகலாம். துவிச்சக்கர வண்டியிலும் போகலாம்; நாய் இருக்கும் அந்த ஒழுங்கை வழியாக வேண்டாம்.

என் பேச்சுக்குக் குறித்த நேரம் முடிகின்றது. அவையின்முன் பேசுவோரைப் பற்றிய ஆய்வை முன்னர்ச் சொன்னேனல்லவா? நிலைய வாயிலில் வண்டி காத்திருக்கின்றது என்று சொன்னார்கள். அதனை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டேன். வீடு இரண்டு கிலோமீற்றர்தான்.